சட்டையை மாட்டலாம், விற்கக் கூடாதா? தெருக்கலைத் திருவிழா அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருவிழா அமைப்பாளர்களுக்கு,

இந்த ஆண்டு மைதானத்தில் உடை விற்கும் உரிமை முழுவதையும் ஸ்பான்சராக வந்த ஒரே நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டதாக எங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறீர்கள். சென்னையில் சிறிய அளவில் டி-ஷர்ட்டும் ஹூடியும் தொப்பியும் செய்து விற்கும் எங்களைப் போன்றவர்கள் ஸ்டால் போடலாமாம், ஆனால் விற்கக் கூடாதாம். சட்டைகளை மாட்டி வைக்கலாம். வருகிறவர்களிடம் எங்கள் கதையைச் சொல்லலாம். விலைச்சீட்டு கூடாது, பணம் வாங்கக் கூடாது, கியூஆர் அட்டைகூட மேசையில் இருக்கக் கூடாது.

இதை எங்களால் ஏற்க முடியாது. முதலில் உங்களிடம் நேரில்தான் சொன்னோம். 'ஒப்பந்தம் போட்டாகிவிட்டது, இனி எங்கள் கையில் இல்லை' என்றீர்கள். ஒப்பந்தம் போட்ட கை உங்களுடையதுதான் என்பதால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டுத் திருவிழா முடிந்த கையோடு இந்த ஆண்டுக்கான ஸ்டால் முன்பணத்தை வாங்கிக்கொண்டீர்கள். 'இம்முறை கூட்டம் அதிகம் வரும், சரக்கைக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினீர்கள். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை நம்பித் துணி எடுத்தோம், தைத்தோம், அச்சடித்தோம். எல்லாம் பெட்டியில் ஏறிய பிறகு உங்கள் அடுத்த கடிதம் வந்தது. முன்பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

சரக்கு என்றால் என்ன என்பது உங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஒரு பெரிய நிறுவனத்துக்கு அது கிடங்கில் இருக்கும் ஓர் எண். எங்களுக்கு அது ஆறு மாதச் சேமிப்பு. நாங்கள் போடுவது 240 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் 240 கிராம் எடையுள்ள, பருத்திப் பின்னல் துணி. ஓவர்சைஸ் சட்டை என்பதால் ஒரு கிலோவில் மூன்று சட்டைதான் தேறும். திருப்பூரில் ஒரு நிறத்துக்குச் சாயம் போட்டுத் தரச் சொன்னால் நூறு கிலோவாவது கொண்டு வா என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மெஷினின் கொள்ளளவு அப்படி. நொய்யல் ஆறு சாயக் கழிவால் நாசமானதைப் பார்த்து 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் சாயம் போடும் ஒவ்வொரு லாட்டின் தலையில் ஏறிக்கொண்டது. நூறு கிலோ என்றால் ஒரே நிறத்தில் முந்நூறு சட்டை. எனக்கு ஒரு டிசைனுக்கு அறுபது போதும். அதனால் ஏற்கெனவே சாயம் போட்டு ரோலாக இருக்கும் துணியைத்தான் எடுப்போம். அதில் எந்த நாளும் தட்டுப்பாடில்லாமல் கிடைப்பது கறுப்பும் வெள்ளையும். சென்னையின் சின்ன பிராண்டுகள் எல்லாம் ஏன் கறுப்பிலேயே சட்டை போடுகின்றன, இது ஏதாவது அழகியல் நிலைப்பாடா என்று சென்ற ஆண்டு உங்கள் மேடையில் ஒருவர் கேட்டார். அவர் அதைச் சாயப்பட்டறையில் கேட்டிருக்க வேண்டும்.

துணி வந்த பிறகும் வேலை சுலபமில்லை. வெட்டியதைத் தைக்க, மின் தையல் மெஷின்களில் கூலிக்குத் தைத்துத் தரும் பவர்டேபிள்காரரிடம் கொடுத்தால், ஏற்றுமதி ஆர்டர் ஓடும் நாட்களில் எங்கள் அறுபது உருப்படியைக் கடைசியில்தான் கையில் எடுப்பார். கழுத்துப் பட்டிக்கு ரிப் துணி தனியாக வாங்க வேண்டும். அதன் கறுப்பும் உடல் துணியின் கறுப்பும் ஒத்துப்போகவில்லை என்றால் சட்டை வெயிலில் பல்லிளிக்கும். அச்சு மட்டும் சென்னையில், வட சென்னையில் ஒரு தகரக் கொட்டகையில் நடக்கிறது. நான்கு நிறம் என்றால் மை இறங்கும் வலைச்சட்டம், அதாவது ஸ்க்ரீன், நான்கு வேண்டும். மையை ஊற்றி ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டையால் இழுக்கும்போது ஒரு ஸ்க்ரீன் நூலளவு விலகினாலும் எழுத்தின் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரிந்துவிடும். அந்தச் சட்டை விற்பனைக்கு ஆகாது. பிளாஸ்டிசால் மை 160 டிகிரி அளவில் சூடேறி முழுதாக இறுக வேண்டும். அரைவேக்காடாக இறக்கினால் வாங்கியவர் நாலு முறை துவைப்பதற்குள் படம் உரிந்து வரும். மே மாதத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே, அந்த அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் திருவிழா அவர்களுக்கும் ஒரு சீசன்.

இதற்குப் பிறகு சட்டையின் விலை 1,100 ரூபாய் என்று வைக்கிறோம். அதிலிருந்து, விற்கும் ஒவ்வொரு சட்டைக்கும் நூறு ரூபாய் படம் வரைந்தவருக்குப் போகிறது. சமூகம், சமூகம் என்று உங்கள் கடிதத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறீர்களே, எங்கள் அளவில் அது இந்த நூறு ரூபாய்தான். எங்களுக்கு எழுத்து வரைந்து கொடுப்பவரின் அப்பா கட்சிகளுக்கும் சினிமாவுக்கும் சுவரெழுத்து எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது என்று உங்கள் அறிமுகக் காணொளியிலேயே உருக்கமாகச் சொல்கிறீர்கள். மகன் அதே எழுத்தைச் சட்டைக்குக் கொண்டுவந்திருக்கிறார். 'ழ'வின் கொக்கியை அவர் இரண்டாவது முறை தொட்டுப் பார்த்ததில்லை. தட்டைத் தூரிகையைச் சாய்த்து ஒரே இழுப்பு, அவ்வளவுதான். எழுத்தின் நிழல் எப்போதும் இடப்பக்கம் கீழே விழும், அவருடைய அப்பா அப்படித்தான் போடுவாராம். கணினியில் இருக்கும் எந்த எழுத்துருவிலும் அந்தச் சாய்வு வராது. எங்கள் சரக்கில் முதலில் தீர்வது அவருடைய சட்டைகள்தான்.

சரி, திருவிழாவில் விற்காவிட்டால் என்ன, இணையத்தில் விற்றுக்கொள்ளுங்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னார். விற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். பெரிய தளங்களில் போட்டால் கமிஷன் போகும், அளவு சரியில்லை என்று திரும்பி வரும் சட்டைக்குப் போக்குவரத்துச் செலவு எங்கள் தலையில் விழும், நாலு பேர் கண்ணில் படுவதற்கே விளம்பரத்துக்குக் கட்ட வேண்டும். இதையெல்லாம்கூடத் தாங்கலாம். திரையில் 499 ரூபாய்ச் சட்டையும் 1,100 ரூபாய்ச் சட்டையும் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கள் துணியைக் கையால் தொட்டுப் பார்த்தவர்தான் வாங்குகிறார். தொடுவதற்கு அவருக்குக் கிடைக்கும் இடம் உங்கள் மைதானம். இந்நகரின் வணிக வளாகங்களில் ஒரு மூலைக்கு வாடகை கொடுக்க எங்களில் யாராலும் முடியாது.

அதனால்தான் 'மாட்டி வைக்கலாம், விற்கக் கூடாது' என்ற அந்த ஏற்பாடு எனக்கு இத்தனை கசக்கிறது. ஒரு பெண் எங்கள் ஸ்டாலில் நின்று எழுத்தைப் பார்ப்பார், துணியைத் தடவுவார், விலை கேட்பார். நாங்கள் உதட்டைப் பிதுக்க வேண்டும். பத்தடி தள்ளி அந்த நிறுவனத்தின் கடையில் அதே மாதிரித் தோன்றும் ஒன்றை வாங்கிக்கொண்டு போவார். அவர்களுக்காக வாடிக்கையாளரைத் தயார்ப்படுத்திக் கொடுப்பதைத்தான் எங்களிடம் கேட்கிறீர்கள், அதுவும் எங்கள் செலவில். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சட்டைக்கு 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதவீதமாகக் குறைந்தது. வரி போடுகிற அரசுகூட எங்கள் விலைக்கு இறங்கி வந்திருக்கிறது என்று அன்று மகிழ்ந்தோம். நீங்களோ அந்த விலையைச் சொல்லவே கூடாது என்கிறீர்கள்.

அந்த நிறுவனத்துக்கு நீங்கள் கொடுத்தது கடை போடும் இடம் மட்டும் அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஸ்பான்சர் தேடுவதற்காக நீங்கள் தயாரித்த விளக்கக் கோப்பு பலர் கைக்குப் போயிருக்கிறது, என் கண்ணுக்கும் வந்தது. வியாசர்பாடிப் பிள்ளைகள் ஆடும் கால்பந்து, கேரம் பலகையைச் சுற்றி நிற்கும் கூட்டம், கானா பாடுகிறவர்கள், சுவரெழுத்து. மூன்றாவது பக்கத்தில், சென்ற ஆண்டு என் ஸ்டாலில் எடுத்த படம். நான் சட்டை மடித்துக்கொண்டு நிற்கிறேன். கீழே 'சென்னைத் தெருவின் அசல் முகம்' என்று போட்டிருக்கிறீர்கள். அனுமதி கேட்கவில்லை, அது போகட்டும். அசல் முகத்தைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, அந்த முகத்துக்கு உரியவர் விற்கக் கூடாது என்று அதே பணத்தின் பேரில் சொல்வதற்கு உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஸ்ட்ரீட்வேர் என்னும் தெருப்பாணி உடைகள் பற்றிப் பேசும்போதெல்லாம் உங்கள் மேடையில் நியூயார்க்கை இழுக்கிறீர்கள். அந்த ஊரின் கதையை முழுதாகவே சொல்லுங்கள். அங்கே ஹார்லெம் பகுதியின் 125ஆம் தெருவில் டாப்பர் டேன் என்ற உடை வடிவமைப்பாளர் 1982இல் கடை போட்டார். ஆடம்பர நிறுவனங்களின் சின்னங்களைத் தன் போக்கில் அச்சிட்டு, ராப் பாடகர்களுக்கும் குத்துச்சண்டை வீரர்களுக்கும் உடை தைத்துக் கொடுத்தார். அந்த நிறுவனங்கள் வழக்கும் சோதனையுமாகத் துரத்தியதில் 1992இல் கடை மூடியது. 2017இல் இத்தாலிய ஆடம்பர நிறுவனமான குச்சி (Gucci), அவர் எண்பதுகளில் தைத்த ஜாக்கெட்டைப் போலவே ஒன்றைத் தன் அணிவகுப்பில் காட்டியது. ஊர் சிரித்த பிறகுதான் அவரோடு கைகோத்தார்கள், அடுத்த ஆண்டு ஹார்லெமிலேயே அவருக்கு ஒரு தையலகம் அமைந்தது. அவர் செய்ததில் சட்டச் சிக்கல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் தெருவில் இருப்பவனைத் துரத்திவிட்டு, அவன் கைவேலையை மட்டும் உள்ளே கொண்டுபோவது எப்படி நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. எங்கள் விஷயத்தில் அந்தச் சட்டச் சிக்கலும் கிடையாது. நாங்கள் யாருடைய சின்னத்தையும் தொடவில்லை.

இனி, திருவிழாவை ஒட்டி நீங்கள் நடத்தும் சட்டை வடிவமைப்புப் போட்டி. 'உங்கள் டிசைன் ஆயிரக்கணக்கானவர் உடம்பில்' என்று அறிவித்திருக்கிறீர்கள். வென்ற படங்களை அதே நிறுவனம் சட்டையாக அடிக்கும். விதிமுறைகளை யாரும் படிக்க மாட்டார்கள் என்று நினைத்தீர்களோ என்னவோ, நான் படித்தேன். வென்ற படம் மட்டும் அல்ல, போட்டிக்கு வரும் ஒவ்வொரு படத்தின் உரிமையும், எல்லா நாடுகளுக்கும், எல்லாக் காலத்துக்கும் அமைப்பாளர்களுக்கும் அவர்களின் பங்காளியான அந்த நிறுவனத்துக்கும் போய்விடும். தோற்றவருக்குப் படமும் கிடையாது, பணமும் கிடையாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்றெல்லாம் அதில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் படிவத்தில் இருப்பது ஒரு கட்டமும் ஒரு டிக்கும்.

படம் சட்டையில் ஏறும்போது சட்டம் இன்னும் சிக்கலாகிறது, உங்கள் போட்டி அந்தச் சிக்கலில் பிள்ளைகளைத் தள்ளுகிறது. வடிவமைப்பாகப் பதிவு செய்யக்கூடிய ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, தொழில்முறையில் ஐம்பதுக்கு மேல் அடித்துவிட்டால் அதன் பதிப்புரிமை முடிந்துபோகும் என்கிறது அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு. எங்கள் அறுபது உருப்படியே ஐம்பதைத் தாண்டிவிடுகிறது, உங்கள் பங்காளி அடிக்கப்போவது ஆயிரக்கணக்கில். எது தனி ஓவியம், எது வடிவமைப்பு என்பதே பெரிய வழக்கு. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதற்கென்று இரு கட்டச் சோதனை ஒன்றை வகுக்க வேண்டியிருந்தது. சரி, முன்கூட்டியே வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்துகொள்ளலாமே என்றால், பொதுவில் ஏற்கெனவே வெளியானதைப் பதிவு செய்ய முடியாது. நீங்களோ வந்த படங்களையெல்லாம் இணையத்தில் போட்டு வாக்குக் கேட்கிறீர்கள். எழும்பூர் கவின்கலைக் கல்லூரியிலிருந்தும் தெருவிலிருந்தும் படம் அனுப்பும் இருபது வயதுப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் குழுவில் ஓவியர்கள் இருக்கிறார்கள், அவர்களில் இருவர் முன்பு எங்களுக்குச் சட்டைக்குப் படம் வரைந்தவர்கள்.

செலவு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. மேடை, ஒலி, மின்சாரம், கழிப்பறை, காவல்துறை அனுமதி, சுவருக்கு முன்னால் நிறுத்தும் சாரம் எல்லாமே பணம். நுழைவுக் கட்டணம் இல்லாமல் இத்தனை ஆண்டு நடத்தியிருக்கிறீர்கள். அதற்கு இந்நகரமே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. ஸ்பான்சரே வேண்டாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. அந்த நிறுவனம் மேடையில் தன் பெயரைப் போடட்டும், பெரிய கடை போடட்டும், தொண்டர்களுக்கு உடை கொடுக்கட்டும். எங்களை வெளியே தள்ளினால்தான் அவர்கள் பணம் தருவார்களா என்பதே கேள்வி. 'அவர்களுக்கு நீங்கள் ஒரு போட்டியே இல்லை' என்று உங்கள் ஒருங்கிணைப்பாளர் என்னைச் சமாதானப்படுத்தினார். அப்படியானால் எங்களைத் தடுக்க ஒரு விதி எதற்கு? பத்துப் பன்னிரண்டு ஸ்டால்கள், ஒவ்வொன்றிலும் நூறு, நூற்றைம்பது சட்டைகள். இது அந்த நிறுவனத்தின் ஒரு கிளையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குக் காணுமா? பேரம் பேசும்போது எங்களுக்காக யாரும் வாய் திறக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்த மடலில் பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள். சட்டை விற்கிறவர்கள் மட்டும் அல்ல, ஓவியர்களும் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு சுவர் கிடைக்காது, மேடை கிடைக்காது என்ற பயம். உங்களைப் பார்த்து இவர்கள் பயப்படும் நாள் வரும் என்று, சுவருக்குச் சுவர் அனுமதி கேட்டு ஒன்றாக அலைந்த காலத்தில் நீங்களும் நினைத்திருக்க மாட்டீர்கள். அவர்கள் விருப்பப்படி யார் பெயரையும் போடவில்லை.

எங்கள் கோரிக்கைகளுக்கு வருகிறேன்.

உடை விற்பனை பற்றிய விதியைத் திருத்துங்கள். ஒரு டிசைனுக்கு ஐந்நூறு உருப்படிக்குக் குறைவாக, தாங்களே வடிவமைத்துச் செய்யும் உள்ளூர்ப் பிராண்டுகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு வேண்டும். அவர்கள் அதே மைதானத்தில், அதே நேரத்தில், விலைச்சீட்டோடு விற்க முடிய வேண்டும். மைதானத்துக்கு வெளியே நடைபாதையில் தனி இடம் தருகிறோம் என்ற சமரசம் வேண்டாம்.

ஒப்பந்தம் முழுவதையும் காட்டச் சொல்லவில்லை. உடை விற்பனையைப் பற்றிப் பேசும் பகுதியை மட்டும் ஸ்டால்காரர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். எங்களைத் தடுக்கும் வாசகத்தை நாங்கள் படித்துப் பார்க்க வேண்டும்.

போட்டியை இப்போதைய விதிகளோடு நடத்தாதீர்கள். வந்த படங்களை இணையத்திலிருந்து இன்றே இறக்குங்கள். வென்றவரிடம் மட்டும், ஓராண்டுக்கு, இத்தனை சட்டைக்கு என்று வரையறுத்துக் கையெழுத்தோடு அனுமதி வாங்குங்கள். விற்கும் சட்டை ஒவ்வொன்றுக்கும் அவருக்கு ஒரு தொகை போகட்டும், சட்டையின் உட்புற லேபிளில் அவர் பெயர் இருக்கட்டும். தோற்றவர்களின் உரிமை அவர்களிடமே இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்.

அடுத்த ஆண்டு முதல் ஸ்பான்சரோடு பேசும் குழுவில் சட்டை செய்கிறவர்களிலிருந்து ஒருவரையும் சுவர் வரைகிறவர்களிலிருந்து ஒருவரையும் உட்கார வையுங்கள். அவர்களை நாங்கள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறோம்.

இந்த மடல் கிடைத்த பத்து நாட்களுக்குள் ஸ்டால்காரர்கள் எல்லோருக்கும் எழுத்தில் பதில் அனுப்புங்கள். தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்துப் பேச வேண்டாம்.

இவை எதுவும் முடியாது என்பதுதான் உங்கள் முடிவு என்றால், எங்கள் முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுங்கள். உங்கள் சொல்லை நம்பி அடித்த கூடுதல் சரக்கின் அச்சுக் கூலியையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பட்டறைக்கு நான் இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன். உங்கள் விளம்பரங்களிலிருந்தும் ஸ்பான்சர் கோப்பிலிருந்தும் எங்கள் ஸ்டால்களின் படங்களையும் எங்கள் ஓவியர்களின் எழுத்துகளையும் நீக்குங்கள். மூன்றாவது பக்கத்தில் இருக்கும் என் படத்திலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
வட சென்னையிலிருந்து சட்டை அடித்து விற்கும் ஒருவன்